ஐம்பத்தொரு தட்டும் ஒரு மயக்கமும்

போன ஞாயிற்றுக்கிழமை சமயநல்லூரில் ஒரு மண்டபத்தில் காதுகுத்து. என் மச்சினி தேவியின் மகளுக்கு. பிள்ளைக்குப் பதினோரு மாசம் ஆகிறது. அவளைத் தவிர அந்த மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் டாக்டர்கள்.

சந்தேகப்படாதீர்கள். மருத்துவக் கல்லூரி வாசலைக்கூட மிதிக்காதவர்கள்தான். ஆனால் நம்மூரில் ஒருத்தர் தலைசுற்றி உட்கார்ந்தால் போதும்... சுற்றி நிற்கும் நானூறு பேருக்கும் அந்த நிமிஷமே பட்டம் கிடைத்துவிடும். வைத்தியம் சொல்லத் தெரியாத மதுரைக்காரனை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

நானும் டாக்டர்தான். சும்மா சொல்லவில்லை, ஆதாரம் இருக்கிறது. ஆறு மாசத்துக்கு முன்னால் எங்கள் அபார்ட்மென்ட் அசோசியேஷனில் முதலுதவிப் பயிற்சி நடத்தினார்கள். ஒரு ரப்பர் பொம்மையின் நெஞ்சை எல்லாரும் மாறி மாறி அமுக்கினோம். முடிவில் சமோசாவும் சர்டிபிகேட்டும் கொடுத்தார்கள். சர்டிபிகேட்டை லேமினேட் செய்து ஹாலில் மாட்டியிருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு வருகிற யாரும் அதைப் படிக்காமல் காபி குடித்துவிட்டுப் போக முடியாது.

அப்படிப்பட்ட நான் பத்தடி தூரத்தில் நிற்கும்போதுதான் இது நடந்தது.

ஆளைச் சொல்லிவிடுகிறேன். பெயர் செல்வம். என் மனைவி மீனாவின் தம்பி, தேவிக்கு அண்ணன். அதாவது காது குத்தப்போகும் பிள்ளைக்குத் தாய்மாமன். திருமங்கலத்தில் பைக் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறான். எட்டு வருஷமாகச் சுகர், இரண்டு வேளை இன்சுலின் ஊசி. அதற்கு முன்னால் அவனுக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. கடையைப் பூட்டியதும் நேரே பாட்டில். ஒருநாள் டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாராம். அன்றோடு விட்டவன்தான். எட்டு வருஷமாக ஒரு சொட்டுக் கிடையாது.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தில் யாரும் வைத்துக்கொள்ளவில்லை.

காதுகுத்து என்றால் தாய்மாமன்தான் ராஜா. அவன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். அவன் சீர் கொண்டுவர வேண்டும். செல்வம் கொண்டுவந்தது ஐம்பத்தொரு தட்டு. லட்டு, ஜிலேபி, மைசூர்பாகு, அதிரசம், கல்கண்டு, அச்சுவெல்லம், பேரீச்சம்பழம், கோபுரம் மாதிரி அடுக்கிய சாக்லேட்... எல்லாவற்றையும் பளபளக்கும் கண்ணாடித்தாளில் சுற்றி ரிப்பன் கட்டியிருந்தார்கள். முக்கால்வாசித் தட்டு இனிப்புதான். எந்தத் தட்டைப் பார்த்தாலும் சுகர் ஏறும்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சீரை மேடையில் இறக்கி, தட்டைப் பிரித்து, சபைக்குக் காட்டும்வரை தாய்மாமன் வீட்டார் மண்டபத்தில் கை நனைக்கக் கூடாது. பச்சைத் தண்ணீர் குடிக்கலாம், அவ்வளவுதான். தட்டில் இருப்பதில் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டால் தீர்ந்தது... மூன்று தலைமுறைக்குப் பேசுவார்கள்.

செல்வம் எட்டேகாலுக்கு வேனிலிருந்து இறங்கும்போதே ஊசியைப் போட்டுக்கொண்டான். எட்டரைக்குச் சீரை இறக்கிவிடலாம், எட்டே முக்காலுக்கு இட்லி என்று திட்டம். திட்டத்தில் தப்பில்லை. ஆனால் அதில் டிரோன் இல்லை.

மண்டபத்துக்கு எதிரே ரோட்டோரம் பிள்ளையார் கோயில். அங்கிருந்து சீர் ஊர்வலம். கேரளாவிலிருந்து வந்திருப்பதாக மைக்கில் சொன்ன, பக்கத்து ஊர்ப் பரவையிலிருந்து வந்திருந்த செண்டை மேளம் முன்னால். நடுவில் தாய்மாமன். தலைக்குமேல் டிரோன். முதல் தடவை நடந்தபோது நடுவில் டவுன்பஸ் ஒன்று புகுந்துவிட்டது. 'அண்ணே, எல்லாரும் பின்னாடி போங்க, திரும்ப எடுப்போம்' என்றார் டிரோன்காரர். இரண்டாவது தடவை பேட்டரி தீர்ந்தது. மூன்றாவது தடவை சம்மந்தி வீட்டுப் பெண்கள் சேலை மாற்றிக்கொண்டு வரும்வரை காத்திருந்தோம். மணி பத்தாகிவிட்டது. வெயில் மண்டையைப் பிளந்தது.

செல்வத்தின் சட்டைப்பையில் எப்போதும் நாலு ஆரஞ்சு மிட்டாய் இருக்கும். உடம்பு படபடத்தால் ஒன்றை வாயில் போடச் சொல்லி டாக்டர் கொடுத்த யோசனை. அன்றைக்கு இல்லை. பட்டுச்சட்டைப் பை புடைத்துக்கொண்டு வீடியோவில் நன்றாக இருக்காது என்று அவன் மனைவி கலாவே எடுத்து வேனில் வைத்துவிட்டாள். அந்த வேன் அடுத்த நடை ஆட்களை ஏற்றிவரத் திருமங்கலம் போய்விட்டது.

மூன்றாவது ஊர்வலத்தில் செல்வம் ஒரு மாதிரி நடந்தான். சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. டிரோன்காரரைக் காரணமே இல்லாமல் திட்டினான். செல்வம் யாரையும் திட்டுகிறவன் இல்லை. தங்கச்சி தேவியைப் பார்த்து "வா கலா" என்றான். செண்டை மேளத்துக்கு முன்னால் இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து நடந்தான். மேளக்காரர்கள் அவன் ஆடுகிறான் என்று நினைத்து வேகத்தைக் கூட்டினார்கள். வீடியோகிராபர் குனிந்து, உட்கார்ந்து, படுத்து எடுத்தார். கூட்டம் விசில் அடித்தது. பாவி மனுஷன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறான்... நாங்கள் கைதட்டிக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் யாரோ ஒருத்தர் சம்மந்தியின், அதாவது தேவியின் மாமனாரின், காதில் போய்ச் சொன்னார். 'பழையபடி ஆரம்பிச்சுட்டான் போல.'

அந்த யாரோ யார் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நம்மூரில் ஆம்புலன்ஸ் போவதைவிட வேகமாகப் போவது ஒன்று உண்டென்றால் அது இந்த மாதிரிச் செய்திதான். ரோட்டைக் கடப்பதற்குள் அது பந்தி வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. போகிற வழியில் வளரவும் செய்தது. திருமங்கலத்திலேயே இரண்டு ரவுண்டாம். வேனுக்குள்ளேயே பாட்டில் இருந்ததாம். 'தாய்மாமன் வந்துருக்குற லட்சணத்தப் பாரு' என்று சம்மந்தி வீட்டில் ஒரு பாட்டு ஆரம்பித்தது. தேவிக்கு முகமே செத்துவிட்டது. மாமியார் முன்னால் நிமிர முடியாமல் பிள்ளையின் கவுனை இழுத்து இழுத்துச் சரி செய்துகொண்டிருந்தாள்.

முகூர்த்த நேரம் முடியப்போகிறது என்று சீர்த்தட்டுகளைப் பிரிக்காமல் மேடையில் சுற்றிலும் வைத்துவிட்டு, செல்வத்தை நாற்காலியில் உட்கார்த்திப் பிள்ளையை மடியில் வைத்தார்கள். காது குத்த வந்திருந்த ஆசாரிக்கு அறுபது வயசிருக்கும். ஊசியை எடுத்தவர் கீழே வைத்துவிட்டார். பிள்ளையின் தலை ஆடிக்கொண்டே இருந்தது. ஆடியது பிள்ளையல்ல, அவள் உட்கார்ந்திருந்த மடி.

"மொதல்ல பிள்ளையத் தூக்குங்க" என்றார்.

தேவி தூக்கினாள். தூக்கிய அடுத்த நொடி செல்வம் நாற்காலியோடு ஒரு பக்கமாகச் சரிந்தான். கண் பாதி மூடியிருந்தது. என்னமோ முனகினான், ஒன்றும் புரியவில்லை. ஒரு நொடி தாமதித்திருந்தால் பிள்ளையும் சேர்ந்து விழுந்திருக்கும். ஆசாரி கையில் ஊசி இருந்திருந்தால்...

டாக்டர்கள் மேடைக்கு வந்தார்கள்.

ஒருவர் சோடாவை உடைத்து மூஞ்சியில் அடித்தார். பட்டுச்சட்டை போனது. ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். வலிப்புக்கே அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை, இங்கே வலிப்பும் இல்லை. சமையற்கட்டிலிருந்து ஒரு அம்மா வெங்காயத்தை நசுக்கிக்கொண்டு ஓடிவந்தார். இன்னொருவர் உள்ளங்காலைத் தேய்த்தார். 'எந்த டாக்டர்ட்ட பாக்குறாரு?' என்று விசாரித்த ஒருவர், பதில் வருவதற்குள் தன்னுடைய டாக்டர் எவ்வளவு கைராசிக்காரர் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். பத்துப் பதினைந்து பேர் எதுவும் செய்யாமல் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உண்மையைச் சொன்னால், கெடுதல் செய்யாதவர்கள் அவர்கள் மட்டும்தான்.

ஆனால் இவர்களெல்லாம் சிறுபான்மை. பெரும்பான்மைக் கட்சி கீழே நாற்காலிகளில் இருந்தது. எழுந்திருக்கவே இல்லை. 'தெளிஞ்சா எந்திரிப்பான், மோர் குடுத்துப் படுக்க வைங்கப்பா' என்று அங்கிருந்தபடியே மருந்து எழுதிக்கொடுத்தது.

சரி... சர்டிபிகேட் வாங்கிய நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். 'தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்' என்றேன். மூன்று தடவை சொன்னேன். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ரப்பர் பொம்மைக்கு மூச்சு இல்லை, செல்வத்துக்கு இருந்தது. மூச்சு இருக்கிற ஆளை என்ன செய்வது என்று சொல்லிக்கொடுத்தபோது நான் சமோசா வரிசையில் நின்றிருந்தேன்.

கலா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். புருஷன் பக்கத்தில் மண்டிபோட்டு உட்கார்ந்தவள், முதலில் ஒரு காரியம் செய்தாள். அவன் வாய்க்கிட்ட மூக்கைக் கொண்டுபோய் மோந்து பார்த்தாள்.

நானூறு பேர் முன்னால்.

பிறகு நிமிர்ந்து, "வாடையே இல்ல" என்றாள். சத்தமாகக்கூட இல்லை. அந்த மண்டபத்தில் அன்றைக்கு நடந்த முதல் உருப்படியான பரிசோதனை அதுதான். அடுத்த நொடி அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "மிட்டாயி... மிட்டாயி வேன்ல இருக்கு" என்று வாய்விட்டு அலறினாள். வேன் எங்கே இருந்தது? திருமங்கலம் ரோட்டில். சட்டென்று கைநீட்டிப் பக்கத்திலிருந்த லட்டுத் தட்டின் கண்ணாடித்தாளைக் கிழிக்கப் போனாள்.

இரண்டு கைகள் அவளைப் பிடித்தன. ஒன்று சம்மந்தியின் தம்பியுடையது. சபைக்குக் காட்டாத சீரில் கைவைப்பதா என்று அவருக்கு ஆங்காரம். இன்னொன்று எங்கள் சொந்தக்காரர் ஒருவருடையது. அவருக்கும் சுகர், பதினைந்து வருஷ அனுபவம்.

"அவனுக்குச் சுகர் இருக்குத்தா. இனிப்பக் குடுத்துக் கொன்னுறாத" என்றார் அவர்.

உடனே கூட்டமே ஆமாம் ஆமாம் என்றது. சுகர் ஆளுக்குப் போய் லட்டா? வெந்தயத் தண்ணீர் கொடுக்கலாமே? ஒருவர் சிறுகுறிஞ்சான் பொடி இருக்கிறதா என்று விசாரித்தார். சர்க்கரை குறைந்து ஒரு மனுஷன் சாகக் கிடக்கிறான், சுற்றிலும் முப்பது நாற்பது தட்டு இனிப்பு மலைமலையாக இருக்கிறது, ஒரு துண்டு அவன் வாய்க்குப் போகவிடாமல் நானூறு பேர் காவல் நிற்கிறோம்... இதைவிட ஒரு கூத்தை நான் இந்த வாராந்திரப் பத்தியில் எழுதியதில்லை. எழுதியிருந்தாலும் நீங்கள் நம்பியிருக்க மாட்டீர்கள்.

ஆசாரி மட்டும் ஒரு கேள்வி கேட்டார். கலாவைப் பார்த்துத்தான் கேட்டார்.

"காலையில என்னம்மா சாப்புட்டாரு?"

"ஒண்ணும் சாப்புடலண்ணே. ஊசி மட்டும் போட்டிருக்காரு."

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. காது குத்தும்போது பிள்ளை அழாமல் இருக்க வாயில் கொஞ்சம் சர்க்கரை போடுவார்கள் இல்லையா? அதற்காக அவர் தட்டில் ஒரு கிண்ணம் நிறையச் சீனி வைத்திருந்தார்கள். அது சீர் இல்லை. அதைச் சபைக்குக் காட்ட வேண்டியதும் இல்லை. செல்வத்தைத் தூக்கித் தன் தோளில் சாய்த்து உட்கார வைத்தார். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்து, முழுங்குகிறானா என்று தொண்டையைப் பார்த்தார். முழுங்கினான். மிச்சத்தைத் தம்ளர் தண்ணீரில் கரைத்துக் கலாவிடம் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார். பதினைந்து வருஷ அனுபவக்காரர் மறுபடி கையை நீட்டினார். ஆசாரி அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"இது போதையும் இல்ல, ஒண்ணும் இல்ல. பட்டினி. எங்க வீட்லயும் ஒருத்தி ஊசி போடுறா, எனக்குத் தெரியும்."

பத்து நிமிஷம் இருக்கும். அவ்வளவு நீளமான பத்து நிமிஷத்தை நான் பார்த்ததில்லை. செல்வத்தின் முனகல் நின்றது. கண் தெளிந்தது. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். வெங்காயத்தைப் பார்த்தான், கையிலிருந்த சாவிக்கொத்தைப் பார்த்தான். பிறகு கேட்டான், "சீர் எறக்கியாச்சா?"

அதற்குள் யாரோ கூப்பிட்டிருந்த 108 வந்து சேர்ந்தது. ஒரு சின்ன வயசுப் பெண் இறங்கிவந்து விரலில் குத்திப் பார்த்தார். அவ்வளவு சர்க்கரை குடித்த பிறகும் எண் கீழேதான் இருந்தது. யார் சர்க்கரை கொடுத்தது என்று கேட்டார். நாங்கள் எல்லாரும் ஆசாரியைக் காட்டினோம், குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி. அந்தப் பெண் அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு சோடாக்காரர் பக்கம் திரும்பி, முழுங்க முடியாமல் நினைவில்லாமல் கிடக்கிறவர் வாயில் சோடா, சர்க்கரை எதையும் ஊற்றக் கூடாது, நேரே எங்களைக் கூப்பிடுங்கள் என்று பாடம் எடுத்தார். மறுபடி சோதித்துப் பார்த்து, இனிமேல் இறங்காமல் இருக்க உடனே சாப்பாடு கொடுக்கச் சொன்னார். மேடையிலேயே, சீர்த்தட்டுகளுக்கு நடுவில், சபை பார்க்கச் செல்வம் ஆறு இட்லி தின்றான். வானம் இடிந்து விழவில்லை. சம்மந்திகூட ஒரு கரண்டி சாம்பார் ஊற்றினார்.

பிள்ளைக்குக் காது குத்தியபோது வாயில் போடச் சீனி தீர்ந்துபோயிருந்தது. கலா யாரையும் கேட்கவில்லை. லட்டுத் தட்டின் கண்ணாடித்தாளைப் பரக்கென்று கிழித்து, ஒரு விள்ளல் எடுத்து ஊட்டினாள். இந்தத் தடவை அவள் கையைப் பிடிக்க ஒருத்தருக்கும் தைரியம் வரவில்லை.

சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும் இடத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது, அவள் கழுவவில்லை. என்னம்மா என்றேன்.

"எட்டு வருசமாச்சுண்ணே. ஒரு நா கூட நான் அவர மோந்து பாத்ததில்ல. இன்னைக்குப் பாத்துட்டேன்" என்றாள்.

எல்லாவற்றுக்கும் கருத்துச் சொல்லியே பழகிய ஆள் நான். குழாயை மட்டும் மூடினேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் ஊர் முழுக்க இந்தக் கதையைச் சொன்னேன். சோடாக்காரரை, வெங்காயத்தை, பதினைந்து வருஷ அனுபவத்தை எல்லாம் நடித்துக்காட்டினேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கூடவே நாலு அறிவுரையும் கொடுத்தேன். ஊசி போட்டால் உடனே சாப்பிட வேண்டும், பையில் மிட்டாய் இல்லாமல் வாசல்படி தாண்டக் கூடாது, சுகர் ஆள் வேர்த்து உளறினால் முதலில் இனிப்பு, பிறகுதான் ஆராய்ச்சி... நல்ல அறிவுரைதான். எல்லாம் ஆசாரியிடம் கற்றது. அதைச் சொன்னேனா என்று கேட்காதீர்கள்.

புதன்கிழமை காலையில் செல்வத்தைப் பார்க்கத் திருமங்கலம் போனேன். ஆள் கடைக்குக் கிளம்பிப் போய்விட்டான். கலா மட்டும் இருந்தாள். வீடியோகிராபர் சின்னதாக ஒரு டிரைலர் அனுப்பியிருப்பதாகச் சொல்லிப் போனைக் கொடுத்தாள். 'தாய்மாமன் மாஸ் என்ட்ரி' என்று நெருப்பு எழுத்தில் தலைப்பு. செல்வம் தள்ளாடித் தள்ளாடி ஸ்லோமோஷனில் வருகிறான். பின்னால் செண்டை மேளம். இரண்டாயிரம் பேர் லைக் போட்டிருந்தார்கள்.

ஓரிடத்தில் கலா விரலால் தொட்டு நிறுத்தினாள். செல்வத்துக்குப் பின்னால், ஓரத்தில், ஒருவர் எக்கி நின்று சம்மந்தியின் காதில் என்னமோ சொல்லிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, தலையில் என்னுடைய வழுக்கை.

பிறகு சொல்கிறேன் என்றேனே... அந்த யாரோ இவர்தான்.

"இதுல சம்மந்தி காதுல என்னண்ணே சொல்றீங்க?" என்று கேட்டாள் கலா. சாதாரணமாகத்தான் கேட்டாள். இல்லை, எனக்கு அப்படித் தோன்றியது.

"மாப்ள காலையில சாப்ட்டானான்னு கேட்டேன்மா" என்றேன்.

அவள் போனை வாங்கி அணைத்து மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். அடுப்படிக்குப் போகத் திரும்பியவள் வாசலில் நின்று, "நீங்க சாப்ட்டீங்களாண்ணே?" என்றாள்.

சாப்பிட்டுவிட்டேன் என்று சொன்னேன். அன்றைக்கு அது இரண்டாவது பொய்.